மெத்தையின் நடுவில் யார்

“தம்பி, படத்துல நான் எங்க?”

போனில் வந்த குரலில் கோபம் இல்லை. அதுதான் முந்திரியைப் பயமுறுத்தியது. கத்துகிற வாடிக்கையாளரை எப்படியாவது சமாளித்துவிடலாம். நிதானமாகக் கேட்கிறவரிடம்தான் வசமாக மாட்டிக்கொள்வோம்.

“எந்தப் படத்துல சார்?”

“சைட்டுல மேல போட்டிருக்கீங்களே, நாங்க மூணு பேரும் மெத்தைல உக்காந்திருக்கற படம். அண்ணன் இருக்காரு. மெத்தை இருக்கு. நான் இல்ல. தங்கச்சியும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் எழுந்து போயிட்டமா?”

“இல்ல சார், இருக்கீங்க. என் திரையில நல்லாத் தெரியறீங்க. சிரிச்சிட்டிருக்கீங்க.”

“உங்க திரையில சிரிச்சு எனக்கு என்ன பிரயோஜனம்? என் போன்ல பாருங்க.”

இங்கே உட்கார்ந்துகொண்டு அவர் போனைப் பார்க்க முடியாது என்பது இருவருக்குமே சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. “பத்து நிமிஷம் சார், சரி பண்ணிடறேன்” என்று சொல்லி முந்திரி போனை வைத்தான். அந்தப் பத்து நிமிடம் சாயங்காலம் வரைக்கும் நீளும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

முந்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பழத்துக்குள் அடங்கியிருக்காமல் வெளியே தலையை நீட்டுகிற முந்திரிக்கொட்டை மாதிரி எதிலும் முந்திக்கொள்வதால் ஆபீஸ் வைத்த பெயர். இணையதளம் கட்டித் தருவது அவன் வேலை. மற்றவர்கள் காலையில் செய்தி படிக்கிற நேரத்தில் அவன் இணையத் தரங்களின் வரைவுகளைப் படிப்பான். வரைவு என்றால், ‘இப்படிச் செய்யலாம் என்று யோசிக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை, நம்பி இறங்காதீர்கள்’ என்று தலையிலேயே எழுதியிருக்கும் பக்கம். கடைசி வார்த்தைகளை மட்டும் அவன் கண் தாண்டிவிடும்.

அண்மையில் வந்த ஒரு வரைவு அவனைத் தூங்கவிடாமல் செய்திருந்தது. ஒரே படத்தைச் சில விதமாக வெட்டி வைத்துக்கொண்டு, ‘திரை அகலமாக இருந்தால் இது, குறுகலாக இருந்தால் அது’ என்று பக்கத்தின் குறியீட்டிலேயே ஒரு புது டேக்காக, அதாவது பிரவுசருக்கான கட்டளையாக, எழுதிவிடலாம். பிரவுசர் தானே திரையை அளந்து பார்த்து, பொருத்தமான படத்தை எடுத்துக் காட்டும். இதைப் படித்த அன்று முந்திரி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஆபீஸின் முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடத்துக்குப் புதுமை பிடிக்கும், அடுத்தவர் செய்து பார்த்து ஐந்தாறு வருஷம் கழித்து.

“ஒரு படம், ஒரு டேக், முடிஞ்சுது. இத்தனை நாள் ஓடலையா?” என்று கேட்டார்.

“ஓடிச்சு மேடம். ஆனா சின்ன போனுக்கும் அதே பெரிய படத்த அனுப்பறது, குழந்தைக்கு அப்பா சட்டையப் போட்டு விடற மாதிரி. இந்த முறையில ஒரு குடும்பப் படத்த வெட்டிக் காட்டற முதல் ஆள் நாமளாத்தான் இருப்போம். உலகத்துலயே.”

“அந்த வரைவ எழுதறவங்களே இன்னும் அடிச்சிக்கிட்டிருக்காங்க. பிறக்காத பிள்ளைக்குப் பேர் வெச்சு, ஸ்கூல்லயும் சேத்துட்டு வந்து நிக்கறே.”

“தப்பாப் போச்சுன்னா நானே பேப்பர் போட்டுடறேன் மேடம்.”

வேலையை விடுவதாகச் சொல்வது முந்திரிக்குப் பழக்கமில்லை. வாயிலிருந்து அது வந்தபோது அவனே திடுக்கிட்டான். மேடம் திடுக்கிடவில்லை. “நீ சொன்னத நான் மறக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னார். பெரியவர், சின்னவர், தங்கை என்று மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற மெத்தைக் கடையின் சைட்தான் அந்தச் சின்ன ஆபீஸுக்கு அந்த வருஷம் கிடைத்த ஒரே பெரிய வேலை. இன்று சாயங்காலத்துக்குள் கடைக்காரர்கள் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேலையும் போகும், வேலைக்காரனும் போவான்.

சின்னவரிடம் பேசிவிட்டுப் போனை வைத்த முந்திரி இப்போது பக்கத்து மேஜைக்கு ஓடினான். அங்கே டெஸ்டர் அக்கா இருந்தார். அவர் டிராயரைத் திறந்தால் பழைய போன்கள் கண்ணாடி உடைந்ததும் முதுகு கழன்றதுமாகக் கிடக்கும். எந்தப் பக்கத்தையும் அவை எல்லாவற்றிலும் திறந்து பார்த்துத்தான் அக்கா நம்புவார்.

“அக்கா, சின்னவர் போன்ல அண்ணன் மட்டும்தான் தெரியறாராம்.”

“நீ எதுல பாத்தே?”

“என் மானிட்டர்ல. பிரவுசர் ஜன்னலை இழுத்து இழுத்துச் சுருக்கிப் பாத்தேன். மூணு பேரு அழகா ஒருத்தரா மாறினாங்க. அதத்தான் நான் வேணும்னே வெச்சேன். சின்னத் திரைல மூணு பேரும் கடுகாத் தெரிவாங்க. அதனால நடுவுல இருக்கறவரை மட்டும் வெட்டிப் பெருசாக் காட்டறேன்.”

“நடுவுல யாரு?”

“பெரியவர்.”

“ரெண்டு பேர வெட்டிட்டு ஒருத்தர மட்டும் வெச்சிருக்கே. அதை வெட்டுப்பட்டவர் போன்லயே காட்டியும் இருக்கே” என்று அக்கா சொன்னார். “உன் தைரியம் எனக்கு வராது.”

முந்திரி மெத்தைக் கடை வீட்டு அண்ணிக்குப் போன் போட்டான். அண்ணி என்பவர் பெரியவரின் மனைவி. சின்னவரும் கடைக்குட்டித் தங்கையும் அண்ணி என்று கூப்பிடுவதால், கடை ஆட்களும் அப்படியே கூப்பிட, முந்திரிக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. சைட் வேலையில் ஏதாவது வேண்டுமென்றால் அண்ணியிடம்தான் கேட்க வேண்டும். அந்தப் படத்தைத் தந்ததும் அவர்தான். கேட்ட அன்று, “முழுசா வேணுமா தம்பி, வெட்டினதா வேணுமா?” என்று கேட்டார். “முழுசாவே குடுங்க அண்ணி, வெட்டறதெல்லாம் எங்க வேலை” என்று முந்திரி பெருமையாகச் சொன்னான். “உங்க இஷ்டம்” என்று அண்ணி விட்டுவிட்டார்.

“அண்ணி, ஒரு சின்ன சிக்கல். படத்துல பெரியவர் மட்டும் தெரியறாருன்னு சின்னவர் வருத்தப்படறாரு.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. “தம்பி, நடுவுல யார் உக்காரறதுங்கறதுதான் எங்க வீட்டுச் சண்டையே. கடை திறந்த அன்னிக்கு எடுத்த படம் அது. படம் எடுத்து முடிச்சு மெத்தைய விட்டு எழுந்தாங்க, அதோட பேச்சு நின்னு போச்சு. ஒரே வீடு, மூணு மாடி. ஒருத்தர் மாடிக்கு ஒருத்தர் போறதில்ல. சமையல் என் அடுப்புல ஆகி மூணு மாடிக்கும் தூக்குல போகுது.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“நீங்க கேக்கலையே.”

அதுவும் நியாயம்தான். யார் எதில் பார்ப்பார்கள் என்று முந்திரி இப்போது கேட்டான். அண்ணி யோசிக்காமல் ஒப்பித்தார். சின்னவரிடம் உள்ளங்கை தாண்டுகிற பெரிய போன். கடைக்குட்டியிடம் கைக்குள் அடங்குகிற சின்ன போன். பெரியவருக்குப் பட்டன் போன்தான். சைட்டைக் கடையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் பார்ப்பார்.

முந்திரிக்கு உற்சாகம் பிறந்தது. அளவு தெரிந்தால் போதும், மீதியைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பெரிய போனின் அகலத்துக்கு ஒரு விதி எழுதி, சின்னவர் நடுவில் வருகிற மாதிரி ஒரு படத்தை வெட்டி வைத்தான். வெட்டியதில் சின்னவர் மெத்தையில் ஏதோ சிம்மாசனத்தில் இருப்பதுபோல் இருந்தார். அவரையே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான்.

“ஆ,” என்றார் சின்னவர். “நடுவுல… நானா?”

“நீங்கதான் சார்.”

“அண்ணன் ஒத்துக்கிட்டாரா?”

முந்திரி இருமினான். இருமலை ஆமாம் என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். சின்னவர் முதல் விதமாக எடுத்துக்கொண்டார். போனை வைத்தவர் திரும்பவும் கூப்பிட அதிக நேரம் ஆகவில்லை.

“தம்பி, போன நிமிர்த்திப் பிடிச்சா நான் இருக்கேன். படுக்க வெச்சா அண்ணன் வந்துடறாரு.”

“படுக்க வெக்காதீங்க சார்.”

“நான் படுத்துக்கிட்டுத்தான் தம்பி போன் பாப்பேன். மெத்தைக் கடைக்காரன் வேற எப்படிப் பாப்பான்?”

போனைச் சாய்த்தால் திரையின் அகலம் கூடிவிடும். அகலம் கூடினால் பிரவுசர் ‘ஓ, இது வேற திரை’ என்று அடுத்த விதிக்குத் தாவும். இதை வரைவிலேயே எழுதியிருக்கிறார்கள். முந்திரி படித்தும் இருக்கிறான். ஆனால் ஒரு மனிதர் மல்லாந்து படுத்துப் போனைத் திருப்பித் திருப்பித் தன் முகத்தைத் தேடுவார் என்று எந்த வரைவிலும் போடவில்லை. போன் நின்றாலும் கிடந்தாலும் சின்னவரே வருகிற மாதிரி இன்னொரு விதி எழுதினான். விதிகளின் வரிசை முக்கியம். பிரவுசர் மேலிருந்து கீழே பார்த்து, முதலில் எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அவசரத்தில் முந்திரி புது விதியை எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாப் போனுக்கும் பொருந்துகிற மாதிரி ஒட்டினான்.

அடுத்த போன் கடைக்குட்டியிடமிருந்து வந்தது. அவர் நிதானமாகப் பேசுகிற ரகம் இல்லை.

“ஏங்க, என் முழங்கை மட்டும் தெரியுது.”

“மேடம்?”

“காலைல திறந்தப்போ பெரியண்ணன் மட்டும் இருந்தாரு. சரி, வழக்கம்தானேன்னு விட்டேன். இப்போ சின்னண்ணன் நடுவுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கான். ஓரத்துல ஒரு முழங்கை. அது என்னோடது. அந்தப் புடவை எனக்குத் தெரியும். கடைல மூணுல ஒரு பங்கு என்னுது. படத்துல முழங்கைதானா?”

“அஞ்சு நிமிஷம் மேடம்.”

“முழங்கைக்கு மேல என்னவெல்லாம் இருக்குன்னு எங்கம்மா பெத்தப்போவே பாத்தாச்சு. அதையெல்லாம் சேத்துப் போடுங்க.”

டெஸ்டர் அக்கா டிராயரிலிருந்து கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன போனை எடுத்து, வாயால் தூசி ஊதி நீட்டினார். முந்திரி அந்த அளவுக்கு ஒரு படம் வெட்டினான். கடைக்குட்டி நடுவில், முழங்கை இரண்டும் முழுசாக. விதிகளின் வரிசையையும் ஒழுங்குபடுத்தினான். சின்ன போன் முதலில், பெரிய போன் அடுத்து, மற்றவை பிறகு. அக்காவின் போனில் கடைக்குட்டி பளிச்சென்று வந்தபோது முந்திரிக்கு உடம்பு சிலிர்த்தது.

“அக்கா, பாத்தீங்களா. ஒரே பக்கம். ஒரே முகவரி. ஆளுக்கொரு படம். என்ன ஒரு வரைவு இது.”

“பெரியவர்?” என்று அக்கா கேட்டார்.

கேட்டு வாய் மூடவில்லை, பெரியவர் கூப்பிட்டுவிட்டார். அவர் குரல் கனமானது. ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து இறக்குவது போலப் பேசுவார்.

“தம்பி, மெத்தை நல்லா இருக்கு.”

“நன்றி சார்.”

“மெத்தை மட்டும்தான் இருக்கு. எங்கள யாரையும் காணோம்.”

முந்திரிக்கு விளங்கிவிட்டது. பெரியவரின் கம்ப்யூட்டரில் இருந்த பிரவுசர் அந்த வரைவு பிறப்பதற்கு முன்னாலேயே பிறந்தது. அதற்குப் புது டேக் புரியாது. புரியாத பிரவுசர்களுக்காக உள்ளே சாதாரணமாக ஒரு படம் வைக்க வேண்டும் என்பது முறை. யார் இன்னும் பழைய பிரவுசரைப் பார்க்கப்போகிறார்கள் என்று முந்திரி அந்த இடத்தில் ஆள் இல்லாத மெத்தைப் படம் ஒன்றைச் சும்மா வைத்திருந்தான். அதைக் கடையின் மூத்த முதலாளியே பார்க்கிறார்.

“கடைய விட்டு எங்கள எல்லாம் அனுப்பிட்டீங்களோன்னு பாத்தேன்” என்றார் பெரியவர். அது நகைச்சுவையா கோபமா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பழைய பிரவுசருக்கும் புது டேக்கைக் கற்றுக்கொடுக்கிற ஒட்டு ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. முந்திரி அதைக் கொண்டுவந்து சேர்த்தான். அடக்கத்தோடு அந்த மெத்தைப் படத்தை மாற்றியிருந்தாலே போதும். ஆனால் வரைவு வழியிலேயே வெல்ல வேண்டும் என்று அவனுக்கு ஒரு வீம்பு. பெரியவர் மறுபடி கூப்பிட்டார்.

“இப்போ முதல்ல தங்கச்சி வந்தா. அப்புறம் தம்பி வந்தான். ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் நான் வர்றேன். அதுக்குள்ள கம்ப்யூட்டர் இஞ்சின் மாதிரி சத்தம் போடுது. என் கடைல நான் கடைசியா வரணுமா?”

பழைய இயந்திரம் திணறித் திணறி எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, அளந்து, கடைசியில் சரியானதைக் காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேடம் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முந்திரியின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பேப்பர் போடுவதாகச் சொன்னவனுக்குப் பேப்பராவது ஆபீஸ் தரட்டும் என்று நினைத்திருப்பார்.

முந்திரி அந்த வெள்ளைத் தாளைத் தள்ளி வைத்தான். இந்த வேலை அவனுக்குப் பிடிக்கும். இந்த மேஜை, அக்காவின் போன் டிராயர், மேடத்தின் திட்டு கூட. வீம்பை விட்டான். ஒட்டு ஸ்கிரிப்டைத் தூக்கி எறிந்தான். மெத்தை இருந்த இடத்தில் பெரியவர் நடுவில் இருக்கிற படத்தைச் சாதாரணமாக வைத்தான். பெரியவரிடம் திரும்பப் பார்க்கச் சொன்னான்.

“ம்,” என்றார் பெரியவர். பிறகு, “அவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டார். அந்தக் கனத்த குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இளகியிருந்தது.

முந்திரி இருமினான்.

அதற்குப் பிறகு போனே வரவில்லை. மூன்று திரை, மூன்று பேர், மூன்று படம். முந்திரி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினான். டெஸ்டர் அக்காவே தன் டிராயரை மூடிவிட்டு, “ஏதோ, தலை தப்பிச்சே” என்றார். முந்திரி அந்த வெள்ளைத் தாளில் வரைவு முறையின் படம் போட்டு அக்காவுக்கு விளக்க ஆரம்பித்தான். ராஜினாமா எழுத வைத்த தாளில் மூன்று பேரும் ஒரு மெத்தையும் அம்புக்குறிகளும் வந்தன.

அப்போது அண்ணி கூப்பிட்டார். குரலில் படபடப்பு.

“தம்பி, என்ன செஞ்சீங்க? இவரு கடையிலேந்து வந்ததும் சின்னவர் கீழ் மாடிக்கு வந்துட்டாரு. அண்ணன் கையப் பிடிச்சு, ‘நீங்க இவ்வளவு பெரிய மனசு பண்ணுவீங்கன்னு நினைக்கல’ன்னாரு. இவரு, ‘நீ விட்டுக்குடுத்ததுக்கு முன்னாடி நான் என்னடா’ன்னாரு. கடைக்குட்டி ரெண்டு பேர் தோள்லயும் சாஞ்சு அழுதா. ஒருத்தருக்கொருத்தர் நன்றி சொல்லிக்கறாங்க. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லிக்கல.”

“நல்லதுதானே அண்ணி.” முந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு டேக் இத்தனை செய்யுமா.

“நல்லதுதான். இப்போ மூணு பேரும் ஒரே கார்ல உங்க ஆபீஸுக்கு வர்றாங்க. ஒண்ணா உக்காந்து சைட்டப் பாக்கணுமாம்.”

முந்திரி பேனாவை வீசிவிட்டு எழுந்தான். மூன்று பேரும் ஒரே மேஜையில், அவரவர் போனோடு உட்கார்ந்தால்? சின்னவர் போனில் சின்னவர், கடைக்குட்டி போனில் கடைக்குட்டி. பெரியவர் எட்டிப் பார்த்தால் இரண்டிலும் அவர் இல்லை. காலையில் வெறும் வருத்தமாக இருந்தது இனி துரோகமாகிவிடும். இப்போதுதான் ஒட்டின குடும்பம் அவன் மேஜைமேலேயே உடையும்.

விஷயம் கேள்விப்பட்டு மேடம் ஓடிவந்தார். மேடம் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“எல்லாத்தையும் எடு. ஒரே படம். முழுசு. எல்லாத் திரையிலயும் ஒண்ணே தெரியணும்.”

“மேடம், வரைவு…”

“உன் வரைவு அவங்க குடும்பத்துல போர் மூட்டறதுக்குள்ள எடு.”

முந்திரி எடுத்தான். எழுதின விதிகளை ஒவ்வொன்றாக அழிக்கும்போது, ஆசையாக வளர்த்த செடியைப் பிடுங்குகிற வருத்தம் அவனுக்கு. சின்ன போன் விதி போனது. நின்றாலும் கிடந்தாலும் விதி போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு படம், ஒரு டேக். டெஸ்டர் அக்கா டிராயரைத் திறந்து எல்லாப் போனிலும் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே மெத்தை, கடுகு கடுகாக மூன்று பேர், நடுவில் பெரியவர்.

வாசலில் கார் நின்றது.

மூன்று பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடியே கதவுக்குள் நுழையப் பார்த்து, கதவு போதாமல் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார்கள். பின்னால் அண்ணி கைப்பையோடு வந்தார். மேடம் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். சுவரில் இருந்த பெரிய திரையில் பெரியவருக்காகச் சைட் திறந்தது. சின்னவரும் கடைக்குட்டியும் அவரவர் போனில் திறந்தார்கள்.



சின்னவர் போனை நிமிர்த்திப் பார்த்தார். படுக்க வைத்துப் பார்த்தார். கடைக்குட்டி திரையை விரலால் விரித்துத் தன்னைத் தேடினார். பெரியவர் சுவரை உற்றுப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்தார்.

“மத்தியானம் வேற மாதிரி இருந்துச்சே” என்றார் சின்னவர் மெதுவாக.

“எனக்கும் அப்படித்தான் ஞாபகம்” என்றார் கடைக்குட்டி. “அதுதான் நல்லா இருந்துச்சு.”

“அது ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார் பெரியவரும். “இதுல நான் எறும்பு மாதிரி இருக்கேன். யாரு மாத்தச் சொன்னது?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோளில் இருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

“நான் சொல்லலைப்பா” என்றார் சின்னவர். “நீங்க சொன்னீங்களாண்ணே? நடுவுல நீங்கதானே இருக்கீங்க.”

“நான் ஏன் சொல்லப்போறேன்? எனக்கு அதுதான் பிடிச்சுது. நீ மனசு மாறிட்டியோன்னு பாத்தேன்.”

“ஒரு நாள் கூட நிலைக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்று கடைக்குட்டி போனைக் கவிழ்த்து வைத்தார்.

முந்திரியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றான். “இவங்க யாரும் மாத்தச் சொல்லல சார். நான்தான் மாத்தினேன். மத்தியானம் இருந்தது இன்னும் வரைவு நிலைல இருக்கற முறை. நான் முந்திக்கிட்டு இறக்கிட்டேன். தப்பு என்னோடது மட்டும்தான்.” மேஜையிலிருந்த தாளை எடுத்தான். அதில் எழுத இடமில்லாமல் மெத்தையும் அம்புக்குறிகளும் நிறைந்திருந்தன. “வேற பேப்பர் இருந்தாக் குடுங்க மேடம்” என்றான்.

சொன்னதை மறக்க மாட்டேன் என்று மிரட்டிய மேடம் இப்போது எல்லாம் மறந்தவர் போல ஜன்னலைப் பார்த்தார்.

அண்ணி முந்திரியின் சட்டைக் கையைப் பிடித்து, பிரிண்டர் இருக்கிற மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“மத்தியானம் இருந்த மாதிரியே திருப்பி வெச்சிடுங்க” என்றார் தாழ்ந்த குரலில்.

“அண்ணி, உங்களுக்குப் புரியல. மத்தியானம் இருந்தது ஒரே படம் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க நடுவுல வர்ற மாதிரி வேற வேற படம். இது ரொம்பப் புதுசு, உலகத்துலயே இன்னும் யாரும் சரியா செஞ்சு பாக்கல.”

“அது தெரியும். திருப்பி வெய்யுங்க.”

“தெரியுமா? அப்போ ஒருத்தர் போன ஒருத்தர் எட்டிப் பாத்துட்டா என்ன ஆகும், யோசிச்சுப் பாத்தீங்களா? எத்தனை நாளைக்கு இது தாங்கும்?”

அண்ணி திரும்பி மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். அவர்கள் மூன்று நாற்காலியில் மூன்று திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, பிள்ளைக்குச் சொல்வது போல முந்திரிக்குச் சொன்னார்:

“முழுசா வேணுமா, வெட்டினதா வேணுமான்னு அன்னிக்கே கேட்டேனே தம்பி, கடை திறந்த மறுநாளே அந்தப் படத்த மூணு விதமா வெட்டி, மூணு மாடியிலயும் அவங்கவங்க நடுவுல இருக்கறதத்தான் நான் மாட்டி வெச்சிருக்கேன், அதனாலதான் எங்க வீட்ல இன்னும் ஒரே அடுப்பு எரியுது.”